சென்ட் பாட்டிலுக்குக் கடைசியில்தான் வேலை: குமரிப் புழுக்கத்தில் மணக்க ஒரு வழிகாட்டி

முதன்முதலாகச் சென்ட் வாங்கியிருக்கிறீர்களா? நல்லது. பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள், அதை எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

இதை எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான், பட்டறிந்தவன். கல்லூரி முதல் வருடம். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா ஒரு ஊத் (அகில் மரத்து வாசனை) பாட்டில் தந்தார். மறுநாள் காலையில் குளிக்க நேரமில்லை. முந்தைய நாள் போட்ட சட்டையின்மேலேயே ஏழெட்டு முறை அடித்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் நாகர்கோவில் பஸ் ஏறினேன். ஆடிச் சாரல், பஸ்ஸில் ஷட்டரெல்லாம் இறக்கியிருந்தது. தக்கலை வருவதற்குள் பக்கத்தில் நின்ற அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்டக்டர்தான் வாய்விட்டுச் சொன்னார்: "மக்கா, நீ கொஞ்சம் வாசல் பக்கமா போய் நில்லு. காத்து வரட்டும்."

அளவுக்கு மேல் அடித்தது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, பழைய வியர்வையின்மேல் அடித்தது. சென்ட் எந்த நாற்றத்தையும் அழிக்காது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைக் கிளப்பும். அந்த மூன்றாவதைத்தான் அன்றைக்கு பஸ்ஸே முகர்ந்தது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது

வியர்வைக்கென்று பெரிதாக மணம் கிடையாது. உடம்பு முழுக்க இருக்கும் ஒருவகைச் சுரப்பி உப்புத்தண்ணீரைத்தான் விடுகிறது, உடம்பைக் குளிர வைக்க. இன்னொரு வகைச் சுரப்பி அக்குளிலும் தொடையிடுக்கிலும் அதிகம். பருவ வயதில்தான் அது வேலையைத் தொடங்கும். அது விடும் திரவத்தில் கொழுப்பும் புரதமும் உண்டு. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று உடைக்கும்போதுதான் வீச்சம் பிறக்கிறது. ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளையின் சீருடை திடீரென்று நாற ஆரம்பித்தால் திட்டாதீர்கள். பிள்ளை அழுக்காகிவிடவில்லை, வளர்கிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது கூடுதல் தொல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, தென்மேற்கு வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கும் இடம். காற்றில் எப்போதும் ஈரம். உள்நாட்டு ஊர்களில் வெயில் கடுமையாக இருந்தாலும் வியர்வை சட்டென்று உலர்ந்துவிடும். இங்கே அது உலராமல் தோலிலேயே நிற்கும், பாக்டீரியாவுக்கு நல்ல விருந்து. ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு காற்றாவது இருக்கிறது. குளச்சல், கருங்கல் பக்கம் மே மாதப் பிற்பகலில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. பாக்டீரியாவைக் குறைப்பது, தோலை உலர வைப்பது. இந்த இரண்டும் முடிந்த பிறகு மணம்.

குளியல்

தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருவதும் குளிப்பதும் ஒன்றல்ல. உடம்பு முழுவதையும் சோப்பால் தேய்க்காவிட்டாலும் பரவாயில்லை, அக்குள், தொடையிடுக்கு, பாதம், விரலிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய ஐந்து இடங்களைத் தினமும் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். என் அம்மா குளியலறைக்கு வெளியே நின்று "கக்கத்தைத் தேச்சியா மக்களே?" என்று கேட்பார். எரிச்சலாக இருக்கும். இன்றைக்கு யோசித்தால், இந்தக் கட்டுரையில் பாதி அந்தக் கேள்விதான்.

சோப்பு உறையைத் திருப்பிப் பாருங்கள். டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும், சோப்பில் உள்ள கொழுப்பு அமிலத்தின் அளவு அது. 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம், 70-க்கு மேல் இரண்டாம் தரம், 60-க்கு மேல் மூன்றாம் தரம். விளம்பரத்தில் வரும் முகத்தைவிட இந்த எண் நம்பகமானது. கடற்கரைப் பக்கம் சில கிணறுகளில் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். சோப்பு நுரைக்காது, தோலில் பிசுபிசுவென்று ஒரு படலம் விடும். அப்படிப்பட்ட தண்ணீருக்கு பாட்டிலில் வரும் பாடி வாஷ் மேல். இல்லையென்றால் கடைசி இரண்டு செம்பு நல்ல தண்ணீராக ஊற்றிக்கொண்டால் போதும்.

வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இரண்டு குளியல் தேவை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் காலைக் குளியலை விட்டுவிட்டு மாலையில் குளிப்பேன் நான். பகல் முழுதும் சேர்ந்ததோடு படுத்தால் அது தலையணையிலும் படுக்கை விரிப்பிலும் ஏறி, காலையில் குளித்த உடம்புக்குத் திரும்பி வந்துவிடும். இதில் வீட்டிலேயே எனக்கு எதிர்க்கட்சி உண்டு, அது வேறு கதை.

குளித்ததும் துவர்த்துங்கள், அதுவும் முழுமையாக. அவசரத்தில் முதுகையும் தலையையும் துடைத்துவிட்டு இடுக்குகளை ஈரமாக விட்டுவிட்டு உடுத்துவதுதான் நம் வழக்கம். படர்தாமரைக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. ஆளுக்கொரு துவர்த்து (துண்டு) வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தினம் காய வேண்டும். கதவின்மேல் சுருண்டு கிடக்கும் ஈரத் துவர்த்தால் துடைத்தால் குளித்தது வீண்.

படர்தாமரை வந்துவிட்டதா? மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் கலவை கிரீம்களை வாங்கிப் பூசாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும், பிறகு மருந்துக்கு எளிதில் அடங்காது. தோல் டாக்டரைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவருக்கு இது அன்றாட வேலை.

அக்குளுக்கு என்ன போடுவது

கடையில் ஒரே அலமாரியில் மூன்று சாமான் நிற்கும், மூன்றும் வேறு. பாடி ஸ்பிரே என்பது பெரும்பாலும் வாசனையும் ஆல்கஹாலும்தான். டியோடரண்ட் பாக்டீரியாவைக் குறைக்கும், வியர்வையைத் தடுக்காது. ஆன்டிபெர்ஸ்பிரண்ட் என்று எழுதியிருப்பதில் அலுமினிய உப்பு இருக்கும். அது வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கும். அதைப் பலரும் காலையில் ஈர அக்குளில் தடவிவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று சலித்துக்கொள்கிறார்கள். இரவில் படுக்கப் போகும்போது, நன்றாக உலர்ந்த தோலில் தடவ வேண்டும். அந்த நேரத்தில் வியர்வை குறைவு, மருந்து உள்ளே நிற்கும். மறுநாள் குளித்தாலும் பலன் போகாது.

பணம் செலவழிக்க மனமில்லையா? படிகாரம் இருக்கிறது. சவரக்கடையில் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே கல். அதுவும் அலுமினிய உப்பின் ஒரு வகைதான். குளித்த பின் கல்லை நனைத்து அக்குளில் இரண்டு தேய்ப்பு, அப்புறம் உலர விடுங்கள். சவரம் செய்த அன்றைக்கு வேண்டாம், எரியும். எலுமிச்சையும் சமையல் சோடாவும் போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. தோலைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் வீடியோ போடுவதில்லை.

துணி

இந்த மாவட்டத்தில் உடம்பைவிடத் துணிதான் அதிகம் நாறுகிறது என்பது என் கட்சி. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் திண்ணைக் கொடியில் மூன்று நாள் கிடந்து காய்ந்த சட்டைக்கு ஒரு மக்கிய நாற்றம் வரும். அது அழுக்கல்ல, ஈரத்தில் வளர்ந்த நுண்ணுயிர். காய்ந்த நிலையில் அடங்கியிருக்கும், நீங்கள் வியர்த்ததும் எழுந்துகொள்ளும். அதனால்தான் வீட்டில் நன்றாக இருந்த சட்டை வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நாறுகிறது.

அப்படி நாறும் துணியைச் சென்ட் அடித்துச் சமாளிக்காதீர்கள். மறுபடி நனைத்து, துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு அரைமணி நேரம் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். பிறகு மின்விசிறிக்கு அடியில் இடைவெளி விட்டுக் காயப் போடுங்கள், அரை ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட்டால் இன்னும் நல்லது. மழைக்காலத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் துவைக்காமல் தினம் இரண்டிரண்டாகத் துவைப்பது சுலபமான தந்திரம்.

பாலியஸ்டர் சட்டை நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பருத்தி அவ்வளவு பிடிக்காது. உள்ளாடையும் பனியனும் பருத்தியாக இருக்கட்டும், ஒரு நாளைக்கு மேல் வேண்டாம். மே மாதத்தில் கோட் சூட் போட்டுக் கல்யாணத்துக்கு நிற்கப் போகும் மாப்பிள்ளைகளே, உள்ளே பருத்தி பனியன் போட்டுக்கொள்ளுங்கள், மாற்றுவதற்கு இன்னொன்றைக் காரில் வையுங்கள். ஆல்பத்தில் வியர்வை வட்டம் தெரியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல் இரண்டு வேளை, நாக்கை வழிக்க மறக்க வேண்டாம், வாய் நாற்றத்தில் பெரும்பங்கு அங்கேதான். தேங்காயெண்ணெய் நல்லதுதான், ஆனால் அது ஏறிய தலையணை உறை வாரம் ஒருமுறையாவது மாறவேண்டும், இல்லையென்றால் சிக்கு வாடை வரும். ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்றமுடிந்தால் மாதம் ஒருமுறை சோப்பில் அலசுங்கள். ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள். மாதவிடாய் நாட்களில் நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அந்தரங்க இடத்தில் சென்டோ வாசனை சோப்போ எந்த நாளிலும் வேண்டாம். அங்கே வழக்கமில்லாத வாடை தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் போகும் விஷயம் அது.

தொழில் வாடை

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிவிட்டு, ஷீட் அடித்துவிட்டு வருபவரிடம் ஒரு புளித்த வாடை இருக்கும். சின்னமுட்டத்திலும் முட்டத்திலும் மீன் இறக்குபவர்களிடம் கவிச்சி. இவர்கள் குளிக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான அம்மாவை நாற்றமடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று நியாயம் கேட்டார். அந்தக் காட்சி ஊரெல்லாம் பரவி, ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சுத்தத்தைப் பற்றி எழுதும் யாரும் அந்த அம்மாவை மறந்துவிட்டு எழுதக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கவிச்சியைப் போக்க வழி கேட்டால்: மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை கொண்டது, புளிப்பு அதை அடக்கும். கையை முதலில் பச்சைத்தண்ணீரில் கழுவி, புளிக்கரைசலோ எலுமிச்சையோ தேய்த்து, பிறகு சோப்பு போடுங்கள். மீன் வெட்டும் எல்லா வீட்டிலும் தெரிந்த பாடம்தான்.

சரி, இப்போது பாட்டிலை எடுங்கள்

பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஓ டி கொலோன் என்றால் வாசனைச் சாறு 2 முதல் 4 சதவீதம், ஓ டி டாய்லெட் 5 முதல் 15, ஓ டி பர்ஃபூம் 15 முதல் 20, வெறும் பர்ஃபூம் என்றால் அதற்கும் மேல். மீதி பெரும்பாலும் ஆல்கஹால். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். புதிதாகத் தொடங்குகிறவர் ஓ டி டாய்லெட்டில் தொடங்கலாம், நம் புழுக்கத்துக்கு அது போதும். வெயில் உடம்பில் பட்டால் எந்த வாசனையும் வேகமாகக் கிளம்பும். குளிர் தேசத்தில் நாலு அடிக்கிறார்கள் என்றால் இங்கே இரண்டு.

அத்தர் வேறு வகை. ஆல்கஹால் இல்லாமல் எண்ணெயில் வருவது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பக்கத்து வீட்டு பாய் பூசிக்கொண்டு போகும்போது தெருவே திரும்பும். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. செம்புப் பானையில் பூவைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கும் பழைய முறை இன்னும் அங்கே நடக்கிறது. முதல் மழை பட்ட மண்வாசனையைக் கூட அத்தராக்குகிறார்கள். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் வைத்துக்கொண்டு அதைக் காசு கொடுத்து வாங்குவதா என்று எனக்கு ஒரு சங்கடம், இருந்தாலும் வாங்கினேன். கோடைக்கு வெட்டிவேர் அத்தர் இதமாக இருக்கும். நூறு ரூபாய்க்குச் சந்தன அத்தர் என்று யாராவது தந்தால் மணம் பிடித்திருந்தால் வாங்குங்கள், சந்தனம் என்று மட்டும் நம்பாதீர்கள். இன்னொன்று, அத்தர் எண்ணெய். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தால் மஞ்சள் வட்டம்தான். தோலில் மட்டும் தொடுங்கள்.

கடையில் சோதிக்கும்போது ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் முகராதீர்கள், மூக்கு குழம்பிவிடும். அடித்ததும் வரும் மணத்தில் மயங்கி உடனே காசு கொடுக்காதீர்கள். முதல் கால் மணி நேரத்து எலுமிச்சை, புதினா மணம் பறந்துபோன பின் வருவதுதான் உங்களோடு நாள் முழுக்க இருக்கப் போகிறது. மணிக்கட்டில் ஒருமுறை அடித்துக்கொண்டு, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து முகருங்கள். வாங்கிய பிறகு முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் போட்டு ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அது உங்களுக்கு ஆகாது.

போடும் முறை இது. குளித்து, துவர்த்தி, உலர்ந்த உடம்பு. வறண்ட தோல் என்றால் வாசனையில்லாத கிரீம் கொஞ்சம், மணம் கூடுதல் நேரம் நிற்கும். சட்டை போடுவதற்கு முன், ஒரு சாண் தூரத்திலிருந்து நெஞ்சில் ஒன்று, கழுத்துப் பக்கம் ஒன்று. அத்தர் என்றால் குச்சியால் காதுக்குப் பின்னால் ஒரு தொடு, மணிக்கட்டில் ஒரு தொடு. இரண்டு மணிக்கட்டையும் பரபரவென்று தேய்க்க வேண்டாம், முதல் மணம் சீக்கிரம் பறந்துவிடும். அக்குளில் அடிக்கவே கூடாது. அடுப்புக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் நின்று அடிக்காதீர்கள், உள்ளே இருப்பது எரியும் சரக்கு. முத்து, கவரிங் நகையைச் சென்ட் உலர்ந்த பிறகு அணியுங்கள்.

பத்து நிமிடத்தில் உங்கள் மூக்குக்கு அது பழகிவிடும். மணம் போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடிப்பீர்கள். அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவருக்கு லேசாகத் தெரிந்தால் சரியான அளவு.

சில இடங்களுக்குச் சென்டே வேண்டாம். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது, ஆஸ்துமாக்காரர் இருக்கும் அறையில், கைக்குழந்தையைத் தூக்கும்போது, மசக்கையில் இருக்கும் பெண்ணைப் பார்க்கப் போகும்போது. சுசீந்திரம், கன்னியாகுமரி கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது வழக்கம், சட்டையில் அடித்த சென்ட் கையில் மடங்கிக் கிடக்கும். அங்கே குளித்த உடம்புக்குத்தான் மதிப்பு. மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்குப் போனாலும் அடிக்காமல் போங்கள், கடும் வாசனை தேனீக்களைக் கிளப்பிவிடும். வாழைப்பழ வாசனை அதைவிட மோசம், தேனீ ஆபத்து என்று தன் கூட்டத்துக்குச் சொல்ல விடும் மணத்தில் முக்கியமான பொருளே அதுதான். மட்டிப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறந்துவிடாதீர்கள்.

பூ வைக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. தோவாளைச் சந்தையில் முழம் போட்டு விற்கும் பிச்சி, பிரெஞ்சு சென்ட் செய்பவர்கள் காலங்காலமாகத் தேடும் மல்லிகை இனம்தான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே பாட்டில் சென்ட் அடித்தால் இரண்டும் சண்டை போடும். பிச்சி வைத்த நாளில் சென்டை விட்டுவிடுங்கள். ஆனால் சாயங்காலம் பூவை எடுத்துவிட வேண்டும். அந்த மணத்தில் இன்டோல் என்று ஒரு பொருள் உண்டு, கொஞ்சமாக இருந்தால் பூ, மிஞ்சினால் மலம். வாடிய பிச்சி ஏன் அப்படி நாறுகிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பாட்டிலை பைக் பெட்டியிலும் குளியலறையிலும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் அதைக் கெடுக்கும். துணி அலமாரியின் இருட்டு மூலை போதும். சித்தப்பாவின் ஊத் பாட்டில் என் அலமாரியில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. மழையில்லாத மார்கழி இரவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் மட்டும் ஒரே ஒரு தடவை அடிப்பேன். பஸ்ஸில் போவதென்றால் அதுவும் இல்லை.